அம்மாவுக்கு, அமெரிக்கா ஹார்ட்ஃபோர்ட்லேருந்து

அம்மா,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, திட்டாத. ஃபோன் போட்டா நீ அழுவ, அப்புறம் நானும் அழுவேன், அதான் எழுதறேன். இங்க முழங்கால் வரைக்கும் பனி. புளி தீர்ந்துபோச்சு, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ரசம்னு சொல்லிக் குடிக்கிறேன்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பத்திச் சொன்னேன்ல? 83 வயசுல ஆம்பளை பேண்ட்டைப் போட்டுக்கிட்டு தானே வாசல் பனியை அள்ளிக் கொட்டுது. பெரியத்தைக்குப் பத்மினின்னா இதுக்கு அந்தக் கால ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன். 1907ல இந்த ஊர்லதான் பொறந்தாங்களாம். போன செவ்வாக்கிழமை மத்தியானம் (லீவு சேர்ந்துகிடந்துச்சு, போட்டுட்டேன்) அவங்க நடிச்ச 'ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' படத்தைப் போட்டு உக்கார வெச்சுடுச்சு. ஹெப்பர்ன் குரல் இருக்கே, பித்தளைத் தட்டுல கரண்டி பட்ட மாதிரி, நிறுத்தாம படபடன்னு பேசுறாங்க, தாடையைத் தூக்கிக்கிட்டு நம்ம கணக்கு டீச்சர் மாதிரியே நிக்கிறாங்க. மொதல்ல எரிச்சலா இருந்துச்சு, அரை மணி நேரத்துல கண்ணை எடுக்க முடியல.

1933 படத்துக்கே ஆஸ்கர் வாங்கினவங்க, அப்புறம் வரிசையா படம் ஊத்திக்கிச்சு, 1938ல தியேட்டர்காரங்க 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்'னு பேரைப் போட்டு விளம்பரமே கொடுத்துட்டாங்க. இவங்க காசு கட்டி படக் கம்பெனி ஒப்பந்தத்தை முடிச்சுக்கிட்டு நியூயார்க் போய் நாடகத்துல நடிச்சு, அதைப் படமாக்குற உரிமையையும் கையில வெச்சுக்கிட்டு, வேணும்னா நான்தான் ஹீரோயின்னு வித்திருக்காங்க. 1940ல வந்த அந்தப் படம்தான் நான் பாத்தது. மொத்தம் நாலு ஆஸ்கர், ஒண்ணைக்கூட நேர்ல போய் வாங்கலையாம், நம்ம சின்னத்தை சீட்டுல விழுந்த குடத்தைத் தெருவெல்லாம் காட்டினது ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன். எப்பவும் பேண்ட்தானாம், ஸ்டூடியோக்காரங்க அதை ஒளிச்சு வெச்சப்போ திருப்பித் தர்ற வரைக்கும் உள்ளாடையோட நடந்தாங்கன்னு பாட்டி சொல்லுது. அப்பாகிட்ட சொல்லாத, ஜீன்ஸுக்கே ரெண்டு நாள் சாப்பிடாம இருந்த மனுஷன்.

ஞாயித்துக்கிழமை சீடர் ஹில் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போச்சு. அவ்ளோ பெரிய நடிகைக்கு ஒரு சின்னக் கல்லுதாம்மா. பாட்டி கையுறையால பனியைத் தொடைக்கத் தொடைக்க பேரு ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு. அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் அங்கயேதான். 96 வயசு வரைக்கும் இருந்துட்டு கடைசில அவங்க பக்கத்துலயே வந்துட்டாங்க. எனக்கு என்னவோ நம்ம கொல்லைல நீ துணி காயப்போடுற சத்தம் கேட்டுச்சு, ஈரத்தை உதறுவியே, அது. குளிர்ல கண்ணுல தண்ணி வருதுன்னு பாட்டிகிட்ட சொல்லிட்டேன்.

சரி, தங்கச்சி வளைகாப்புக்குப் பணம் அடுத்த மாசம்தான் வரும், பேங்க்ல ஏதோ பேப்பர் கேக்கறாங்க, வேற ஒண்ணும் இல்ல. வளையலுக்கு மட்டும் மாமாகிட்ட வாங்கிக்கோ, நான் கொடுத்துடறேன். வரப்பு விஷயத்துல சித்தப்பா என்ன பத்திரம் கொண்டுவந்தாலும் அப்பா கையெழுத்துப் போட வேணாம், மொதல்ல சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லு. மோட்டார் காயில் போச்சுன்னு எழுதியிருந்தியே, மாத்தியாச்சா?

ஊர்லேருந்து யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா ஒரு உருண்டை புளி கொடுத்தனுப்பு. கொட்டை எடுத்தது.