எட்டு போட்டால் போதுமா? மலை இறங்கவும் கற்றுத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொல்லிமலைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் எங்களில் பலருக்கு வீடு மலைமேல் இல்லை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, நாமக்கல் என்று கீழேதான் குடியிருக்கிறோம். காலையில் மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி வந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் பள்ளி. பேருந்து உண்டு. ஆனால் அது மலைமேல் இருக்கும் செம்மேடு போய்ச் சேரும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. செம்மேட்டில் இறங்கி, உள்ளே இருக்கும் ஊருக்கு அடுத்த வண்டி பார்த்துப் போவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். அதனால் ஆணும் பெண்ணுமாக வண்டி வாங்குகிறோம். வேலை கிடைத்த பிறகுதான் வண்டி ஓட்டவே பழகியவர்கள் இதில் நிறைய. நானும் அப்படித்தான். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உரிமம் எப்படி வாங்குகிறோம்? எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து மைதானத்தில் எட்டு போடுகிறோம். கால் தரையில் படாமல் சுற்றி வந்தால் தேர்ச்சி. வண்டியைச் சாயாமல் ஓட்டத் தெரிகிறதா என்று பார்க்க எட்டு நல்ல சோதனைதான். ஆனால் அதில் ஒருமுறைகூட அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டியதில்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, எதிரே ஒரு ஈ காக்கை வராது.

இத்தனைக்கும் சட்டத்தில் குறை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 15ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். இறக்கத்தில் சட்டென்று கீழ்க் கியருக்கு மாற்றத் தெரிகிறதா, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்பத் தெரிகிறதா, அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்றெல்லாம் தேர்வில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மலைப்பாதைக்கு வேண்டியது எல்லாமே அதில் இருக்கிறது. நான் தேர்வு கொடுத்த இடத்தில் எட்டு முடிந்தவுடன் ‘அடுத்த ஆள் வாங்க’ என்றார்கள், அவ்வளவுதான்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் பள்ளிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஆசிரியராக வந்து சேர்ந்தார். தரைமட்டமான ஊரில் வளர்ந்தவர். பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். ஒரு நாள் மாலை அவர் முன்னால் இறங்க, நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பாதி மலை தாண்டும்போதே காந்தல் வாடை. இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடியே வந்திருக்கிறார். ஒரு வளைவில் பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. பாறைப் பக்கமாக ஒடித்து, உரசி விழுந்துதான் நின்றார். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. நான் ஓடிப்போய் வண்டியைத் தூக்கியபோது பின்சக்கர டிரம்மின் அனல் காலில் அடித்தது. எதிரே அன்னாசி லோடு லாரி எதுவும் அந்த நேரம் வரவில்லை, தெய்வச் செயல்.

அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்: “டீச்சர், எந்தக் கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்ல இறங்குங்க. எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க, சூடு ஆறணும்ல?” இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. ஓட்டுநர் பள்ளியிலோ தேர்வு மைதானத்திலோ இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கியர் இல்லாத வண்டியில் எஞ்சின் அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது, பாரம் முழுக்கப் பிரேக் மீதுதான். பெண்பிள்ளைகளுக்கு ஸ்கூட்டர்தான் லாயக்கு என்று வீட்டில் சொல்வார்கள். மலைக்கு வேலைக்கு வரும் தங்கைகள் அதைக் கேட்க வேண்டாம். கியர் வண்டியைப் பழகிக்கொண்டு வாருங்கள்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புற விழுவோம் என்று பயந்து அதைப் பிடிக்காமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியே பலருக்குத் தெரியாது. கொண்டை ஊசியில் பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும். ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம்கட்டி நின்றுவிட வேண்டும், உள்ளே புகுந்தால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில்தான் இடம். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் இறங்கினால் ஹெல்மெட் கண்ணாடி மூச்சுக்காற்றில் வெளுத்துவிடும். அப்போது ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்வது தவறு. கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு வேகத்தைக் குறைத்தால் போதும்.

125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் புதிய வண்டி யாரால் வாங்க முடிகிறது? பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க 2022இல் அரசு முடிவு செய்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் அந்தச் சம்பளத்தில் பழைய வண்டிதான் கட்டுப்படியாகும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். கனரக வாகன ஓட்டுநர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் அரசு சார்ந்த பயிற்சி நிலையமே இருக்கிறது. அதிகம் சாகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூட இல்லை என்பது எந்த வகையில் நியாயம்?

போக்குவரத்துத் துறையிடமும் பள்ளிக் கல்வித் துறையிடமும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மலைப்பகுதி உள்ள மாவட்டங்களிலாவது 15ஆவது விதியில் உள்ளபடி உரிமத் தேர்வு நடத்துங்கள். ஆசிரியர்களுக்கு எத்தனையோ பயிற்சி நடத்துகிறீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன், மலைக்குப் புதிதாக வருகிறவர்களைக் காரவள்ளிக்கு அழைத்து ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் சமதளத்தில் பிரேக் பிடித்துப் பழகட்டும், பிறகு முதல் பத்து வளைவுகளை மட்டும் ஏறி இறங்கட்டும். கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டாம். இந்தப் பாதையில் தினமும் பேருந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார். இருபத்தேழு வளைவு இறங்கும் திம்பத்திலும் ஏற்காட்டிலும் கல்வராயன், ஜவ்வாது மலைகளிலும் இதையே செய்யலாம்.

கூடவே, பனிமூட்ட நாட்களில் மலைப் பள்ளி ஆசிரியர்கள் அரை மணி தாமதமாக வந்தாலும் வருகைப் பதிவில் ஏற்றுக்கொள்ளும்படி தலைமை ஆசிரியர்களுக்கு எழுத்துமூலம் உத்தரவு தாருங்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றால், மணி பார்த்து வேகம் பிடிக்கத்தான் செய்வார்கள்.

இப்படிக்கு,
மலைப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.