பிளக் சுவரில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அந்தரத்தில் மிதந்தபடி எரியும் பல்பின் படத்தைப் போட்டு, 'மின்சாரமே இல்லாமல் ஒளிரும் அதிசயம்' என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மறுநாள் காலையிலேயே கிணத்துக்கடவு பக்கத்து விவசாயி ஒருவர் தன் 5 எச்.பி. மோட்டாரைக் காட்டி, "ஏனுங்க, இதையும் ஒயர் இல்லாம ஓட்டலாமுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

என் மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதே மாதிரி பல்பு ஒன்று பரிசாக வந்தது. மரப்பெட்டிக்குப் பின்னால் அடாப்டர், அதன் பிளக் சுவரில். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. பல்பு லேசாகத் தலைசாய்ந்து, 'டக்'கென்று பெட்டியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மச்சினர் கடைக்குப் போன நேரத்தில் (அவருக்கு இதுவரை தெரியாது) அடிப்பக்கத்தைக் கழற்றினேன். வளையமாகக் காந்தங்கள், நடுவில் நாலு காயில் (கம்பிச்சுருள்), இடையில் துவரம்பருப்பு அளவில் சென்சார்கள். பல்பின் அடியிலும் ஒரு காந்தம். நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் இன்னொரு காந்தம் அசையாமல் அந்தரத்தில் நிற்காது, கவிழ்ந்துவிடும். 1842-லேயே எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. அதனால்தான் பல்பு மயிரிழை சாய்ந்தாலும் சென்சார் கண்டுகொள்கிறது, காயிலில் கரண்ட் கூடிக் குறைந்து அதை நடுவுக்குக் கொண்டுவருகிறது. நொடிக்குப் பல நூறு தடவை. சின்ன வயதில் உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடுவோமே, அதே வேலைதான்.

எரிவது தனிக் கதை. பெட்டியில் ஒரு காயில், பல்பின் அடியில் ஒரு காயில். டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் கரண்ட் கொடுக்கும் பிரைமரி காயிலுக்கும் வாங்கும் செகண்டரி காயிலுக்கும் நடுவே ஒயரா ஓடுகிறது? ஒரு காயிலில் கரண்ட் மாறினால் பக்கத்துக் காயிலிலும் கரண்ட் பிறக்கும், 1831-ல் ஃபாரடே கண்டதுதான். இங்கே இரும்பு கோர் கிடையாது, அதனால் வீட்டு லைனின் 50 ஹெர்ட்ஸ் பத்தாது, அதிர்வெண்ணை ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டும். கடையில் கிடந்த காப்பர் கம்பியில் நானும் இரண்டு காயில் சுற்றி, ஒன்றில் எல்.இ.டி. வைத்துப் பார்த்தேன். ஒட்டிவைத்தால் பளீரென்றது. நாலு விரற்கடை தள்ளினால் மங்கல். ஒரு சாணில் அணைந்தேவிட்டது.

2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாரின் சோல்யாச்சிச் குழுவினர் இரண்டு காயிலையும் ஒரே அதிர்வெண்ணுக்கு ஒத்திசைய வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரித்தார்கள். காயிலின் விட்டமே சுமார் 60 செ.மீ. அப்படியும் அந்தத் தூரத்தில் போய்ச் சேர்ந்தது 40 சதவீதம் போல்தான். 5 எச்.பி. என்றால் 3.7 கிலோவாட். இந்தக் கணக்கைச் சொன்னதும் விவசாயி, "கேபிளே இருக்கட்டுமுங்க" என்று கிளம்பிவிட்டார்.

பெரிய திருத்தமெல்லாம் வேண்டாம். 'மின்சாரமே இல்லாமல்' என்பதை 'ஒயர் இல்லாமல்' என்று மாற்றினால் போதும். அடுத்த தடவை அடாப்டரும் தெரிகிற மாதிரி படம் போடுங்கள்.

இப்படிக்கு,
வைண்டிங் கடைக்காரர்,
சிங்காநல்லூர், கோவை.