அந்த பன்னெண்டு செகண்ட் வீடியோ பத்தி

டேய் பெரியவனே,

வெள்ளிக்கிழம நைட்டு நீ அனுப்புன வீடியோவ, உங்க டீம் கோல் வாங்குனத, பாத்தேன். ஒரு தடவ இல்ல, உங்கம்மா போனைப் பிடுங்கி சார்ஜுல போடற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். "ஆஃப்சைட் தானப்பா, நீயே சொல்லு"ன்னு கேட்டிருந்த. ஆஃப்சைட் தான். பந்த அடிச்சப்ப அந்த எதிர் டீம் ப்ளூ ஜெர்சி பையன், கோல்கீப்பர விட்டா உங்க கடைசி ஆளையும் தாண்டி, உன்னைத் தாண்டி மூணு கஜம் உள்ள நிக்கறான், கண்ணாடி போடாமலே தெரியுது. போதுமா? இப்ப நான் சொல்றத கேளு.

நாலாவது செகண்ட்ல ஆஃப்சைட் கேட்டு உன் வலது கை மேல போகுது. அஞ்சாவது செகண்ட்ல உன் மூஞ்சி லைன் பக்கம் திரும்புது, பந்து எங்க போகுதுன்னு அப்ப உனக்கே தெரியாது. ஆறாவதுல நீ ஓடல, நடக்கற. அந்தப் பையன் ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்லடா, பந்து அவன் முட்டில பட்டு ரெண்டடி தள்ளிப் போகுது, நீ ஓடி வந்திருந்தா கால நீட்டினாலே கார்னருக்குப் போயிருக்கும். நீ கைய தூக்கினபடியே "ரெஃப், ரெஃப்"னு கத்தற, சின்ன வயசுல ரசம் வேணாம்னு கத்துவியே, அதே குரல். உங்க கோலி, அதான் கோல்கீப்பர் பையன், பாவம், உன்னையும் பாக்கறான் பந்தையும் பாக்கறான்.

இதுல லைன்ல கொடி புடிச்சு நின்னது எதிர் டீமோட சப்ஸ்டிட்யூட்டுன்னு நீயே சொல்ற. அவன்கிட்ட போய் நியாயம் எதிர்பாத்த பாரு, உன்னை என்னன்னு சொல்றது.

2024 ஜூன் 11, இந்தியா - கத்தார் மேட்ச் ஞாபகம் இருக்கா? நீ அதே தோஹாவுல ஜாசிம் பின் ஹமத் ஸ்டேடியத்துல தான உக்காந்திருந்த. நம்ம சாங்டே 37வது நிமிஷத்துல கோல் போட்டப்ப நீ போன்ல கத்துனது கீழ் வீட்டுக்கே கேட்டுச்சு. கத்தார ஜெயிச்சா வேர்ல்ட் கப் குவாலிஃபையர்ல முதல் தடவையா மூணாவது ரவுண்டு. அப்புறம் 73வது நிமிஷம், ஃப்ரீ கிக், கத்தாரோட அய்மன் தலையால முட்டறான், நம்ம கோலி குர்ப்ரீத் தடுக்கறாரு, பந்து போஸ்ட் பக்கத்துல கோட்டத் தாண்டி வெளிய போயிடுது, குர்ப்ரீத் தரையில கெடக்கறாரு, இன்னொரு கத்தார்காரன் ஹாஷ்மி காலால பந்த உள்ள இழுக்கறான், அய்மன் திருப்பி அடிக்கறான், கோல். கொரியாக்கார ரெப்ரி கோல்னு குடுத்துட்டாரு. அந்த ரவுண்டுல விஏஆர், அதான் வீடியோ பாத்து ரெப்ரி முடிவ சரி பாக்கறது, கெடையாது. 2-1ல போச்சு, வேர்ல்ட் கப் கனவும் போச்சு.

அன்னைக்கு நைட்டு நாம ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் ரெப்ரிய திட்டினோம். திட்டினது தப்பில்ல. பந்து முழுசா கோட்டத் தாண்டிட்டா விசில் ஊதினாலும் ஊதலனாலும் அது அவுட்டு தான், ரூல்லயே அப்படித்தான் இருக்கு. ஆனா அப்புறம் ஒரு நாள் தனியா உக்காந்து அந்த க்ளிப்ப போட்டு பந்தை விட்டுட்டு நம்ம ஆளுங்கள மட்டும் பாத்தேன். கார்னர்னு நெனச்சு நின்னுட்டாங்கடா. கத்தார்காரனும் அதே பந்தைத் தான் பாத்தான், அவன் நிக்கல. இந்திய ஃபெடரேஷன் லெட்டர் போட்டாங்க, விசாரணை வேணும்னாங்க, ஸ்கோர் மட்டும் மாறவே இல்ல.

இதெல்லாம் உனக்கு புத்தி சொல்ல நான் என்னமோ பெரிய ஒழுங்குன்னு நெனச்சிடாத. உனக்கு இது வரைக்கும் சொன்னதில்ல, சித்தப்பாவுக்குத் தெரியும், அவன் இன்னைக்கும் தண்ணி போட்டா ஆரம்பிச்சிடுவான். 94ல, நீ பொறக்கறதுக்கு முன்னாடி, வியாசர்பாடில ஒரு டோர்னமெண்ட், செமி ஃபைனல், நான் ஸ்டாப்பர் பேக், நடுவுல நின்னு கோலுக்கு முன்னாடி தடுக்கற ஆளு. அதே கிரவுண்டோட இன்னொரு மூலையில ஒருத்தர் சின்னப் பசங்களுக்கு கோச்சிங் குடுத்துட்டு இருந்தாரு. 0-0, கடைசி பத்து நிமிஷம். பெனால்டி பாக்ஸ்ல என்னை ஒருத்தன் முதுகுல தள்ளறான், அதே நேரம் பீ...ன்னு விசில். ஃபவுல் குடுத்துட்டாங்கன்னு நெனச்சு நான் என்ன பண்ணேன் தெரியுமா, குனிஞ்சு பந்தை ரெண்டு கையாலயும் எடுத்து, ஃப்ரீ கிக் எங்க வைக்கணும்னு ரெப்ரிய பாக்கறேன். ரெப்ரி என்னையே பாக்கறாரு. விசில் ஊதினது அந்த மூலையில இருந்த கோச்! ஒரு செகண்டு கிரவுண்டே அமைதி, அப்புறம் எங்க ரெப்ரியும் ஊதினாரு, ஹேண்ட்பால், பெனால்டி. நான் பந்தை கீழ கூட போடல, அத புடிச்சிக்கிட்டே நின்னேன், எதிர் டீம் கேப்டன் வந்து "அண்ணா குடுங்கண்ணா"ன்னு மரியாதையா வாங்கிட்டுப் போனான். அந்த மரியாத தான் இன்னும் வலிக்குது.

எனக்கு மட்டும் தான் இப்படின்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், அப்புறம் தான் தெரிஞ்சுது வேர்ல்ட் கப்லயே நடந்திருக்கு. 1982, ஸ்பெயின்ல வாயடோலிட், பிரான்ஸ் - குவைத். 3-1 இருக்கறப்ப கேலரில எவனோ விசில் அடிச்சிருக்கான், குவைத் ஆளுங்க அப்படியே நின்னுட்டாங்க, ஜிரெஸ் நிதானமா கோல் போட்டுட்டாரு. குவைத் ஃபெடரேஷன் தலைவர் ஷேக் ஃபஹத் கேலரிலருந்து கிரவுண்டுக்கே எறங்கி வந்துட்டாரு, சோவியத் ரெப்ரியும் கோல கேன்சல் பண்ணிட்டாரு. அப்புறம் பிரான்ஸ் இன்னொண்ணு போட்டு 4-1ல ஜெயிச்சது வேற கதை. இப்ப வெளியில எவனாவது ஊதின விசில் ஆட்டத்த கெடுத்துச்சுன்னா நிறுத்திட்டு ட்ராப் பால் குடுக்கணும்னு, அதாவது ரெப்ரி பந்த கீழ போட்டு ஆட்டத்த மறுபடி ஆரம்பிக்கணும்னு, ரூல்லயே இருக்கு. 94ல எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா. எனக்காக எறங்கி வர ஷேக்கும் இல்ல, உங்க தாத்தா தான் கேலரில இருந்தாரு, அவரும் பாதில எழுந்து டீ குடிக்கப் போயிட்டாரு.

இன்னொண்ணு. விசில் வந்தாலும் கத முடிஞ்சிடுச்சுன்னு நெனைக்காத. 2023 மார்ச் 3, கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூரு - கேரளா பிளாஸ்டர்ஸ். எக்ஸ்ட்ரா டைம்ல ஃபவுலுக்கு விசில் வந்தாச்சு, கேரளா பசங்க சுவர் கட்டிட்டு இருக்காங்க, கோலி இன்னும் எடத்துல நிக்கல, பெங்களூரு சேத்ரி டக்குனு அடிச்சு கோல் போட்டுட்டாரு. ஃப்ரீ கிக் எடுக்க எப்பவும் இன்னொரு விசில் வேணும்னு கட்டாயம் கெடையாது. கேரளா கோச் டீமையே வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு, நாலு கோடி ஃபைன் வந்துச்சு, கோல் கோலாவே நின்னுச்சு. நாலு கோடிடா! நீ போன வாரம் ரெப்ரி கிட்ட கத்தி மஞ்சக் கார்டு வாங்குனதோட தப்பிச்ச.

"ஆர்சனல்காரங்க கைய தூக்கலையா"ன்னு நீ கேப்பன்னு தெரியும். அந்த இங்கிலாந்து கிளப்போட பழைய டிஃபெண்டருங்க டோனி ஆடம்ஸ், டிக்சன், போல்ட், வின்டர்பர்ன், நாலு பேரும் ஆஃப்சைட் கேட்டு தூக்குனாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நாலு பேரும் ஒரே கோட்டுல ஏறிட்டு தூக்குனாங்க. உன் வீடியோல லெஃப்ட் பேக் உனக்குப் பின்னால ஆறடி உள்ள நிக்கறான், நல்லவேளை அந்தப் ப்ளூ ஜெர்சி அவனையும் தாண்டி இருந்தான், இல்லன்னா ஆஃப்சைடே கெடையாது. கைய வேணும்னா தூக்கிக்கோ, எனக்குப் பிரச்சன இல்ல, தூக்கிக்கிட்டே ஓடு.

இதை எழுதிட்டு இருக்கறப்ப உங்கம்மா எட்டிப் பாத்துட்டு "விசில் வர வரைக்கும் ஓடி அவன் கால உடைச்சுக்கவா"ன்னு கேட்டா. அவ சொல்றதுலயும் விஷயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். 2025 மே மாசம் இங்கிலாந்துல நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மேட்ச்ல ஆஃப்சைட் கொடிய விஏஆருக்காக லேட்டா தூக்குனாங்க, ஆட்டம் ஓடிட்டே இருந்துச்சு, ஃபாரஸ்ட் ஆட்டக்காரர் அவோனியி பந்துக்குப் பாய்ஞ்சு கோல் போஸ்ட்ல மோதிட்டாரு. வயித்துல ஆபரேஷன், கோமாவுல வச்சிருந்தாங்க. அந்தக் கொடி உடனே மேல போயிருந்தா அவர் அங்க ஓடியிருக்கவே வேண்டாம். அதனால விசில் வர வரைக்கும் ஆடுன்னு நான் சொல்றது போஸ்ட்ல போய் மண்டைய இடிச்சுக்கோன்னு இல்ல. எவனாவது தலையில அடிபட்டு விழுந்துட்டான்னா, உன் டீமோ அவன் டீமோ, விசிலுக்கு காத்திருக்காத, பந்தை நீயே கோட்டுக்கு வெளிய, த்ரோவுக்கு அடிச்சு விட்டுடு. அதுக்கு ஒரு கோல் போனா போகட்டும், அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தபடி பந்து உள்ள இருக்கா வெளிய இருக்கா, ஆஃப்சைடா இல்லையான்னு முடிவு பண்றது உன் வேல இல்ல, அதுக்கு ஒரு ஆளு சம்பளம் வாங்கிட்டு நிக்கறான், உங்க லீக்ல அவனும் பாதி நேரம் வேற எங்கயோ பாத்துட்டு நிக்கறான்னா இன்னும் நல்லா ஓடு.

முட்டிக்கு க்ரேப் பேண்டேஜ் கட்டறியா? அம்மா எலுமிச்சை ஊறுகாயும் தைலமும் கீழ்வீட்டு அக்கா தம்பி கிட்ட குடுத்து விட்டிருக்கா, பாட்டில சாச்சு வைக்காத.

அடுத்த வெள்ளிக்கிழம மேட்ச் வீடியோ அனுப்பு. கோல் மட்டும் வெட்டி அனுப்பாத. யாராவது கோல் போஸ்டுக்குப் பின்னால நின்னு எடுக்கச் சொல்லு, உன் காலு தெரியணும்.

அப்பா