படை மாறினால் பணிமூப்பு பறிபோக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு படையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் வேறொரு படைக்கு மாற விரும்புகிறவர் நிலையற்ற மனம் கொண்டவர் என்று பலர் எளிதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். படையினரின் பணிப்பதிவேடுகளை நெடுங்காலம் கையாண்டவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மேசைக்கு வந்த மாற்றல் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை, கற்ற தொழிலை இன்னும் முழுமையாகச் செய்ய இடம் தேடியவர்கள் எழுதியவை.

1918 ஏப்ரல் 1 அன்று, தரைப்படையின் பறக்கும் பிரிவையும் கடற்படையின் வான்பிரிவையும் இணைத்து பிரிட்டன் தன் வான்படையைத் தொடங்கியபோது, அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் படை மாறி வந்தவர்களே. அவர்களுக்கெனத் தனிப் பதவிப் பெயர்கள் அமைந்ததுகூட 1919 ஆகஸ்டில்தான். 2019 டிசம்பரில் அமெரிக்கா தொடங்கிய விண்வெளிப் படையும் பெரும்பாலும் வான்படையிலிருந்து வந்தவர்களைக் கொண்டே உருப்பெற்றது. அரசுக்குத் தேவை என்றால் ஆயிரக்கணக்கானோரைப் பதவி குலையாமல் மாற்ற முடிகிறது. தனியொருவர் கேட்கும்போதுதான் எல்லாம் சிக்கலாகிறது.

அமெரிக்கச் சட்டப்படி, அதிகாரி ஒருவரை அவருடைய சம்மதத்துடன் வேறு படைக்கு மாற்றலாம். முன்பு வகித்ததைவிட உயர்ந்த பணிமூப்பு மட்டும் கிடைக்காது. இது நியாயமான ஏற்பாடு. ஆனால் அதிகாரி நிலையில் இல்லாத படைவீரர், பணிக்காலம் முடியுமுன் மாற விரும்பினால், தம் படையிடம் விடுவிப்பு ஒப்புதல் பெற்றுப் புதிதாகச் சேர வேண்டும். கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் மரைன் படைக்குச் செல்பவரோ, வேறு படையில் எத்தனை ஆண்டுகள் இருந்திருந்தாலும், புதுமுகங்களோடு அடிப்படைப் பயிற்சியைத் தொடக்கத்திலிருந்தே முடித்தாக வேண்டும்.

புதிய படையின் பழக்கங்களைக் கற்க வேண்டியது அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. பிரிட்டனில் தரைப்படையினர் உள்ளங்கை முன்னால் தெரியும்படி வணக்கம் செலுத்துவார்கள், கடற்படையினரோ அதைக் கீழ்நோக்கித் திருப்பியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய கை ஒரே நாளில் மாறிவிடாது. பதவிப் பெயர்களும் குழப்பும்: தரைப்படையில் கேப்டன் என்பவர் கடற்படை லெப்டினன்டுக்கு நிகரானவர், கடற்படைக் கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்கு நிகரானவர். இவற்றைக் கற்பிக்கச் சில வாரங்கள் போதும். எஞ்சின் பழுதுபார்ப்பதில் எட்டு ஆண்டுகள் தேர்ந்த ஒருவரை, திருகாணி முறுக்கும் முதல் பாடத்தில் உட்கார வைத்ததை நான் கண்டிருக்கிறேன். மூன்றாம் நாள் பயிற்றுநரே அவரிடம் ஐயம் கேட்கத் தொடங்கினார். அந்தப் பயிற்சியில் கழிந்த மூன்று மாதங்கள் யாருக்கும் பயன்படவில்லை.

ஆள் பற்றாக்குறை உள்ள தொழிற்பிரிவிலிருந்து ஒருவரை விடுவிக்கப் படை தயங்குவது புரிகிறது. பயிற்சிக்குச் செலவிட்டது அந்தப் படைதான். அப்படியானால் மறுப்பையும் அதற்கான காரணத்தையும், மீண்டும் எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். ஒப்புதல் அளிப்பதாக இருந்தால், ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் ஆண்டுகள் எத்தனை, பதவி எது, பணிமூப்பு எந்த நாளிலிருந்து என்ற மூன்றையும் அவர் கையெழுத்திடும் முன்பே ஆணையில் குறிக்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பிக் கையெழுத்திட்டு, பின்னர் பதிவேட்டில் ஒரு நிலை கீழே இறக்கப்பட்டிருப்பதைக் கண்டு பேச்சற்று நின்றவர்களின் முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைப் பதிவேட்டு அலுவலர்