தூண்டில் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வெயிலைப் பாராமல் வந்த ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

செயற்குழு முறையாகக் கூடியது. தீர்மானங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது ஒரே ஒரு வேலையைப் பற்றி: நாம் செய்த பூச்சி கட்டும் மேசை.

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் போலிப் பூச்சி கட்டி மீன் பிடிப்பது குளிர்நாட்டு ஆறுகளின் வழக்கம். நம் மாநிலத்தில் நீலகிரி டிரவுட் மீனுக்கு அது பழகிய முறை; அவலாஞ்சியில் 1907லேயே டிரவுட் பொரிப்பகம் வந்துவிட்டது. நம் கண்மாயில் டிரவுட் கிடையாது. ஆனால் அல்லி இலைக்கடியில் கிடக்கும் விரால், மேலே நீந்தும் தவளையைப் பாய்ந்து கவ்வுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரோமத்தில் கட்டிய தவளை அதற்குப் போதும், உயிர்த்தவளையைக் குத்த வேண்டியதில்லை.

மேசை ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு உறுப்பினர் வீட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேசை விளிம்பில் வைஸை, அதாவது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியை, மாட்டிக் கட்டுவோம். ஒரு நாள் முள் ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையில் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுப் பிள்ளையின் குதிகாலில் ஏறிவிட்டது. முனைக்குக் கீழே எதிர்ப்பக்கம் நிற்கும் சிறு பல் இருக்கிறதே, அது விடவில்லை. மருத்துவரிடம் போய்த்தான் எடுத்தோம். அன்றைக்கே முடிவு செய்தோம்: விளிம்பு கட்டிய, தரையில் உட்கார்ந்து வேலை செய்யத் தக்க மேசை வேண்டும். கணக்குப்பிள்ளை மேசையின் அளவும் உயரமும் அதற்கு அப்படியே பொருந்தின.

மரம் காரைக்குடிப் பழைய சாமான் கடைத்தெருவில் கிடைத்தது. இடித்த வீட்டு நிலைக்கதவின் உடைந்த துண்டு, பர்மா தேக்கு. இழைத்ததும் வந்த வாசனை, எத்தனை வருஷத்து மரமோ, இன்னும் புதுசாகவே இருந்தது. எங்கள் ஆசாரி அண்ணன் முதலில் காந்தத்தை எடுத்துப் பலகை முழுக்கத் தடவினார். உள்ளே முறிந்து கிடந்த ஆணி இரண்டு அகப்பட்டன. அது தெரியாமல் இழைத்திருந்தால் இழைப்புளியின் வாய் போயிருக்கும். பழைய மரத்தில் வேலை செய்பவர் எல்லோரும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகை 24 அங்குல நீளம், 14 அங்குல அகலம். கனம் 2 அங்குலம்; அங்கேதான் தவறினோம். வைஸின் கிளாம்ப் அவ்வளவு அகலம் திறக்கவில்லை. முன்விளிம்பில் ஒரு கையகலத்துக்கு அடிப்பக்கம் மட்டும் உளியால் செதுக்கி, ஒரு அங்குலமாக்கிய பிறகு கவ்வியது. மேல்முகம் தட்டையாகவே இருக்கிறது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அளந்துவிட்டு மரம் வாங்கியிருக்க வேண்டும்.

சுற்றிலும் கால் அங்குலச் சட்டம் அடித்திருக்கிறோம். முள் உருண்டாலும் அதில் முட்டி நிற்கும். பின்பக்கம் ஒரு கட்டையில் துளைகள்: கத்தரி, ஊசி, நூல் பாபின் நிற்க. நூல்கண்டுகளுக்கு மூங்கில் குச்சிகளைச் சற்றுப் பின்னால் சாய்த்து நட்டோம், நேராக நட்டால் கண்டு கழன்று விழும். வலது ஓரத்தில் உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒரு துண்டு பதித்திருக்கிறோம். கட்டிய முடிச்சின் மேல் வைக்கும் நகப்பூச்சு சொட்டினால் மரம் கெடாது, கல்லில் சுரண்டி எடுத்துவிடலாம். இழைத்து முடித்து உப்புத்தாள் போட்டதோடு சரி, வார்னிஷ் அடிக்கவில்லை. பளபளப்பில் விளக்கொளி பட்டால் கண் கூசும், முள்ளின் கண் தெரியாது.

இறகுக்கு நாட்டுச் சேவலின் கழுத்துத் தோகைதான் சிறந்தது. கோழிக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பாச்சை உருண்டை போட்டு டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் பூச்சி அரித்துவிடும். மயிலிறகு தானாக உதிர்ந்ததை மட்டும் பொறுக்குங்கள். மயிலைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்புறம், கண்மாய் விஷயம். தண்ணீருக்கு மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால் கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அந்த நேரத்தில் எதையும் போட வேண்டாம். இந்த ஆண்டு இதை ஒருவர் மறந்தார், நேரில் பேசியாயிற்று.

மேசை சங்க அறையில் இருக்கும். எடுத்துச் செல்பவர் கையெழுத்திட்டு எடுத்து, துணுக்கு நூலையும் முள்ளையும் மூடியுள்ள டப்பாவில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். மீதித் தேக்கில் சிறுவர்களுக்கு இன்னொரு சின்ன மேசை செய்ய அனுமதி கேட்கிறேன். அதைத் தனித் தீர்மானமாக முன்மொழிந்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்