ட்வீட்டர் வயரைத் திருப்பிக் கட்டித் தந்துவிட்டு என் காதைக் குறை சொல்லும் உங்கள் சேவைப் பிரிவு பற்றி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வாரண்டியில் சரிசெய்து தந்த வலது ஸ்பீக்கரில் ட்வீட்டரின் போலாரிட்டி (பிளஸ்-மைனஸ்) மாறியிருப்பது, வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சரிசெய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஆறரை லட்சம் ரூபாய் கொடுத்து உங்கள் கம்பெனியின் டூ-வே டவர் ஸ்பீக்கர் ஜோடியை வாங்கியவன் நான். வேலூரில் இருக்கிறேன். மாடல், சீரியல் எண், பில் நகல் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இதற்கு முன் அனுப்பிய மின்னஞ்சல்களிலும் இணைத்துத்தான் அனுப்பினேன். யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

விஷயம் சின்னதுதான். வலது ஸ்பீக்கரில் மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டர் கரகரத்தது. எடுத்துப்போய், ட்வீட்டரையும், ஒலியை அதற்கும் கீழ் ஒலிகளுக்கான வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் போர்டையும் மாற்றியதாக ரிப்போர்ட் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். அதுவரைக்கும் நன்றி. ஆனால் வந்த நாளிலிருந்து அந்த ஸ்பீக்கரில் குரல் உள்ளே போய்விட்டது. நாகஸ்வரத்தின் கூர்மை மழுங்கிவிட்டது. வீணைத் தந்தியில் நகம் படும் அந்த முதல் சத்தத்தைக் காணோம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து பாட வேண்டியவர் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே சொல்ல முடியவில்லை. டிவி ஸ்பீக்கரே போதும் என்று இருப்பவர் என் மனைவி. அவரே "என்னங்க, பாட்டு பக்கத்து வீட்டுல இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்கிறார்.

இதைத்தான் உங்கள் கால் சென்டரில் சொன்னேன். அதற்கு அந்தத் தம்பி கேட்ட கேள்வி: "சார், உங்களுக்கு வயசு என்ன? ஐம்பது தாண்டினா ஹை ஃபிரீக்வென்சி கேக்காது சார், ஒரு காது டெஸ்ட் எடுத்துப் பாருங்க." சரி, என் காதுக்கு வயதாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வயதானால் முதலில் போவது உச்சத்தில் இருக்கும் 10,000, 15,000 ஹெர்ட்ஸ். நான் சொல்லும் குறை 2,200 ஹெர்ட்ஸில். அப்புறம், அந்தக் கிழட்டுக் காது இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுதானே? இடது ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்பது வலதில் மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்?

அளக்கும் மைக் ஒன்று வாங்கினேன். அதற்கும் என் கைக்காசுதான். ட்வீட்டருக்கு நேரே ஒரு மீட்டரில் வைத்து, சுவர் எதிரொலி வந்து சேருமுன் வெட்டிவிட்டு அளந்தேன். இடது ஸ்பீக்கரின் கோடு ஒழுங்காகப் போகிறது. வலதில் சரியாக 2,200-இல் கிணறு வெட்டியதுபோல் 20 டெசிபலுக்கும் மேல் பள்ளம். "ரூம் பிராப்ளம் சார்" என்று பதில் வந்தது. இரண்டையும் இடம் மாற்றி வைத்து மறுபடி அளந்தேன். பள்ளம் ஸ்பீக்கரோடு சேர்ந்து இடம் மாறியது. ரூம் நகர்ந்து போகுமா, சொல்லுங்கள்.

2,200 உங்கள் கிராஸ்ஓவர் புள்ளி, அதாவது வூஃபர் விட்டு ட்வீட்டர் எடுக்கும் இடம், என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது நாலாம் ஆர்டர் லிங்க்விட்ஸ்-ரைலி வகை, ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் என்று பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்டது நீங்கள்தான். அந்தப் புள்ளியில் வூஃபரும் ட்வீட்டரும் ஆளுக்கு 6 டெசிபல் இறங்கி, ஒரே ஃபேஸில், அதாவது அலைகள் ஒன்றாக ஏறி இறங்கி, சேர்ந்து சமமாக வர வேண்டும். ஒன்றைத் திருப்பிக் கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துத் தீர்த்துவிடும். இந்த முறையை விளக்கும் லிங்க்விட்ஸின் கட்டுரை வந்தது 1976-இல். இத்தனை வருடம் கழித்தும் அம்பத்தூரில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு மட்டும் அது வந்து சேரவில்லை போலிருக்கிறது.

என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. உங்கள் பழைய மாடலில் கிராஸ்ஓவர் ஆக்டேவுக்கு 12 டெசிபல். அதில் வூஃபரும் ட்வீட்டரும் 180 டிகிரி விலகி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி நிற்கும் என்பதால் ட்வீட்டரைத் திருப்பிக் கட்டுவதுதான் சரி. பழைய கைப்பழக்கத்தில் யாரோ இதையும் அப்படியே கட்டிவிட்டார். மனிதர்கள் செய்யும் தவறுதான். அதற்காக நான் கோபப்படவே இல்லை.

கோபமெல்லாம் அந்த அம்பத்தூர் பயணத்தில்தான் வந்தது. 26 கிலோ ஸ்பீக்கரைப் போர்வையில் சுற்றி, பின் சீட்டில் படுக்கவைத்து, 120 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் மாட்டி வந்து சேர்ந்தால், வரவேற்பில் இருந்தவர் தலை நிமிராமல் சொல்கிறார்: "உங்க டிக்கெட் க்ளோஸ் ஆகியிருக்கு, புது டிக்கெட் போட்டுட்டு வாங்க." என் புகாரை யார் க்ளோஸ் செய்தது? காதுக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்ன அதே தம்பிதான், "வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுதி! இன்ஜினியர் பெங்களூரு போயிருக்கிறாராம். வர வேண்டாம் என்று ஒரு ஃபோன் செய்தால் குறைந்தா போவீர்கள்? டிராலிகூடத் தரவில்லை.

கடைசியில் உள்ளிருந்து ஒருவர் வந்தார். கையில் 1.5 வோல்ட் பேட்டரி. கீழ் டெர்மினலில் வைத்தார், வூஃபர் முன்னால் வந்தது. "போலாரிட்டி ஓகே சார்." ஐயா, வூஃபரைப் பற்றி யார் கேட்டது? ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருக்கிறது, பேட்டரியின் டிசி மின்சாரம் உள்ளேயே போகாது. வெளி டெர்மினலில் பேட்டரி வைத்து அதன் போலாரிட்டியைப் பார்க்கவே முடியாது. உங்கள் ஸ்பீக்கரைப் பற்றி உங்கள் ஆளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் அவர் "மேல சொல்றேன் சார்" என்றார். மேலே யார் இருக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

வாரண்டி சீலை உடைக்காமலே இதை நிரூபித்திருக்கிறேன். பின்னால் இரண்டு ஜோடி டெர்மினல் வைத்திருக்கிறீர்கள், கீழ் ஜோடி வூஃபருக்கு, மேல் ஜோடி ட்வீட்டருக்கு. நடுவில் உள்ள பித்தளைப் பட்டைகளைக் கழற்றி, கீழ் ஜோடிக்கு வழக்கம்போல் வயர் கொடுத்து, மேல் ஜோடிக்கு மட்டும் சிவப்பு கறுப்பை மாற்றிக் கொடுத்தேன். பள்ளம் நிரம்பிவிட்டது. அதையே இடது ஸ்பீக்கரில் செய்தேன், அதுவரை ஒழுங்காக இருந்த அதில் பள்ளம் விழுந்தது. நான்கு படங்களும் இணைப்பில் உள்ளன. இதைக் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "அப்ப அப்படியே மாத்திப் போட்டுக் கேளுங்களேன் சார்" என்று சிரித்தார். ஆறரை லட்சம் வாங்கிக்கொண்டு சொல்கிற பேச்சா இது?

மாற்றிப் போட்டாலும் முடியவில்லை என்பது வேறு விஷயம். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வலது ட்வீட்டர் 1.5 டெசிபல் தூக்கலாக இருக்கிறது. ஜோடிக்குள் வித்தியாசம் 0.5 டெசிபலைத் தாண்டாது, ஒவ்வொரு ட்வீட்டரையும் அளந்து ஜோடி சேர்க்கிறோம் என்பது உங்கள் வாக்குறுதி. கையில் கிடைத்த ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறீர்கள்.

இந்த ஸ்பீக்கருக்காக நான் ஒரு மனை வாங்குவதையே விட்டேன். மார்கழி முழுக்க வீணாய்ப் போனது. நான் இழந்த இசைக்கும் தூக்கத்துக்கும் நஷ்ட ஈடு கணக்குப் போட்டால் உங்கள் கம்பெனியையே எழுதிக் கொடுத்தாலும் காணாது.

தயவுசெய்து விஷயம் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். என் கண் முன்னால் திறந்து, ட்வீட்டர் வயரைச் சரியாகக் கட்டி, இடதுக்குப் பொருந்தும் ட்வீட்டர் போட்டு, இரண்டையும் அளந்து காட்டட்டும். காபி நான் தருகிறேன். அம்பத்தூர் போய்வந்த செலவையும் கொடுத்துவிடுங்கள். 15 நாளில் இது நடக்காவிட்டால் முழுப் பணத்தையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலூரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். நீங்கள் வந்துபோகும் டோல் செலவே அதைவிட அதிகமாகும். 1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைன் எண்ணில் புகார் பதிவதற்கு அதுவும் தேவையில்லை.

அப்படியொரு நிலை வராது என்றே இன்னும் நம்புகிறேன். உங்கள் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்பது இடது பக்கம் இருப்பதைக் கேட்கும்போது தெரிகிறது.

இப்படிக்கு,
வேலூர் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: சர்வீஸிலிருந்து திரும்பி வந்தபோது அடியில் நான்கு ஸ்பைக்குக்கு (கூர்முனைக் கால்) பதில் மூன்றுதான் இருந்தன. வருகிறவரிடம் ஒன்று கொடுத்து அனுப்பவும். காது டெஸ்ட் தம்பியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.