கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய்

தம்பி செல்வத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சம்பா நடவு முடிந்தது. மேலத்தெருப் பையன் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறான். அவனிடம் இதையும் அம்மா இடித்த பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன்.

மூணு ஞாயிறாக முகம் காட்டாமல் பேசுகிறாய். கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். சரி. போன வாரம் பேசும்போது, "அண்ணே, தலகாணியைக் காலுக்கு அடியில வைக்கவா" என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. ரூமில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பீர்கள், யாருக்கோ அடி போலிருக்கிறது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அந்தப் பையனிடம் சொல். உயரத்திலிருந்து நின்றபடி விழுந்து குதிகால் நொறுங்கினால் முதுகையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். அடி மேலே ஏறும். பாத்ரூமில் வழுக்கினேன் என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லக்கூடாது. யார் தப்பானாலும் வைத்தியச் செலவும் எம்.சி. (டாக்டர் எழுதிக் கொடுக்கிற லீவு) நாள் சம்பளமும் முதலாளி பொறுப்பு, ஒரு வருஷத்துக்குள் கேட்டுவிடணும் என்று அங்கே இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர் சொல்கிறார்.

மூணு மீட்டருக்கு மேலே விழும்படி இருந்தால் பெர்மிட் இல்லாமல் ஏற்றமாட்டார்கள் என்று நீ சொன்னதை டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லிப் பீற்றியிருப்பேன். ஆனால் ஏணி வேலைக்குப் பெல்ட் எதுக்கு என்று சிரித்தவனும் நீதான். பெல்ட் போட்டால் போதாது. கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டணும். காலடியில் மாட்டினால் விழுகிற தூரம் கூடும். தலைக்கு மேலே, தம்பி.

ராசு மாமா சாரம் சரிந்து விழுந்தார் என்றுதான் உனக்குத் தெரியும். அந்தச் சாரத்தைக் கட்டியது நான். கயிறு இற்றுப்போனது. புதுக்கயிறு நாளைக்கு வரும் என்றார் மேஸ்திரி. இன்றைக்கு ஒருநாள் தாங்கும் என்று நானும் முடிச்சுப் போட்டேன். ஒன்பது அடிதான். சாந்துச் சட்டியோடு கீழே வந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. கீழே கிடந்தபோது அவர் கால் கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்தேன். அப்புறம் நான் தோளைப் பிடிக்க, இன்னொருத்தன் காலைப் பிடிக்க, கோணி மாதிரித் தூக்கி டெம்போவில் போட்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே எப்படித் தூக்கி வந்தீர்கள் என்றுதான். பலகையில் கிடத்தி என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் அந்த விரல் அசையவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி எடுத்துக்கொண்டு போகிறேன், அத்தை காப்பி போட்டுத் தருகிறாள். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். அப்போது கூப்பிடு. போனை நான்தான் எடுப்பேன். கேமராவைச் சரிபண்ணப் பணம் வேண்டுமென்றால் சொல். போன மாசம் நீ அனுப்பியது அப்படியே இருக்கிறது.

அப்பா